ஆர்க்டிக்ல இந்தியா: கோடைக்கு மட்டும் போனா போதுமா?

இந்த ஊருக்குப் போனால் முதல் ரூல், போனை ஃப்ளைட் மோடில் போடணும். வை-ஃபை, புளூடூத் எதுவும் கூடாது. விண்வெளியிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பிடிக்கும் ரேடியோ டெலஸ்கோப்புகளுக்கு அது இடைஞ்சல். இன்னொரு ரூலும் உண்டு: வீட்டுக் கதவைப் பூட்டக் கூடாது. பனிக்கரடி துரத்தினால் கிடைத்த வீட்டுக்குள் ஓடி நுழையணுமே!

நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில், வட துருவத்திலிருந்து சுமார் 1,200 கி.மீ. தள்ளி இருக்கும் நை-ஓலெசுண்ட்தான் அந்த ஊர். ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கம். 1962-ல் நடந்த வெடிவிபத்தில் 21 பேர் இறந்த பிறகு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இன்று பல நாடுகளின் ஆய்வு நிலையங்கள் அங்கே இருக்கின்றன. 2008-ல் திறந்த நம்ம 'ஹிமாத்ரி'யும் அதில் ஒன்று.

ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் மறையாது. வேலையெல்லாம் அப்போதுதான் குவியும். மே மாதம் ஸ்காட்லாந்திலிருந்து பார்னகிள் வாத்துகள் வந்து முட்டையிடும். ஜூலையில் இறகு உதிர்ந்து சில வாரம் அவற்றால் பறக்க முடியாது. அந்த நேரம் பார்த்து வலைக்குள் ஓட்டிப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, எடை பார்த்து விடுவார்கள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1990-லிருந்து இதைச் செய்துவருகிறார்கள். ஊர் எல்லையைத் தாண்டினால் ஆய்வாளர் கையில் துப்பாக்கி இருந்தே ஆகணும்.

அக்டோபர் கடைசியில் சூரியன் போனால் பிப்ரவரி நடுவில்தான் தலைகாட்டும். பெரும்பாலானவர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள். ஊரில் மிஞ்சுவது சில பத்து பேர்.

அப்போ குளிர்காலத்தில் என்னதான் நடக்கும்?

ரெய்ண்டீர் கதையைப் பாருங்க. இந்தத் தீபகற்பத்தில் அவை முன்பே வேட்டையில் அழிந்துபோனவை. 1978-ல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டதில் 12 தேறின. 1993-ல் சுமார் 360 ஆகப் பெருகின. அடுத்த குளிர்காலம் முடிந்து எண்ணினால் நூறுகூட இல்லை!

காரணம், மழை. பனி மூடிய தரையில் மழை பெய்து உறைந்தால் கண்ணாடி மாதிரி ஐஸ் படியும். அடியில் இருக்கும் செடியைக் குளம்பால் கிளறி எடுக்க முடியாது. இரை காலடியிலேயே இருந்தும் பட்டினி. பூமி சூடாகச் சூடாக, நடுக்குளிரில் இப்படி மழை பெய்வது அங்கே அதிகமாகிறது. கோடையில் போகிறவர் கண்ணில் எலும்புகள்தான் படும். எந்த வாரம் மழை பெய்தது, ஐஸ் எவ்வளவு தடிமன் என்பதை அப்போது அங்கே இருப்பவர்தான் அளக்க முடியும்.

அதனால்தான் 2023 டிசம்பரில் இந்தியா முதல் குளிர்காலக் குழுவை அனுப்பியது முக்கியமான முடிவு. முதல் பேட்சில் போனது நாலே பேர். "பருவமழைக்கும் ஆர்க்டிக்குக்கும் தொடர்பு இருக்கு" என்று அரசு சொல்லும் காரணமும் நியாயமானதே. ஆனால் ஒரு வருஷக் கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 15 வருஷம் விடாமல் எண்ணியதால்தான் அந்த ரெய்ண்டீர் சரிவே தெரியவந்தது. நடுவில் ஒரு குளிர்காலத்தை விட்டால், அந்த வருஷத்து அளவை எத்தனை கோடி கொட்டினாலும் திரும்ப எடுக்க முடியாது.

ஆகவே தேவை, குறைந்தது பத்து வருஷத்துக்கான உறுதியான நிதி. ஒவ்வொரு குளிருக்கும் புதுப் புது புராஜெக்ட் தேடாமல், பனியின் தடிமன், மழை நாள், தரை வெப்பம் என்று அதே இடத்தில் அதே அளவீடு. எடுத்த தரவு நம்ம கல்லூரி மாணவரும் டவுன்லோடு செய்யும்படி திறந்திருக்கணும்.