வெளிச்சம் வேறு, விளக்கு வேறு

வாசுதேவநல்லூரில் எங்கள் வீட்டில் 36 டவுன்லைட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் 12 வாட். மாட்டியது நான்தான். அந்த வீட்டில் என் அம்மாவால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

“எய்யா, வெளிச்சம் நெறையத்தான் இருக்கு. ஆனா ஒண்ணும் தெரியலயே” என்றாள். சொல்லிவிட்டு ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு வெளித்திண்ணைக்குப் போனாள். சாயங்கால வெளிச்சத்தில் இரண்டாவது முயற்சியில் நூல் உள்ளே போய்விட்டது.

வீட்டு உள்ளலங்காரம்தான் எனக்குச் சோறு போடும் தொழில். சிவகிரியிலிருந்து கடையநல்லூர் வரை வளைகுடாப் பணத்திலும் பென்ஷன் பணத்திலும் எழும்பும் வீடுகளுக்கு நானும் என்னைப் போன்றவர்களும் ‘லைட்டிங்’ செய்து கொடுக்கிறோம். செய்து கொடுக்கிறோம் என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில் நாங்கள் கூரையில் ஓட்டை போட்டு விற்கிறோம்.

இதை எங்கே படித்தேன் என்று கேட்டால், மதுரையில் ஆறு மாதப் படிப்பு. அதில் வெளிச்சத்துக்கு மூன்று வகுப்பு. லூமென் என்றால் என்ன, கெல்வின் என்றால் என்ன, பொது வெளிச்சம், வேலை வெளிச்சம், அலங்கார வெளிச்சம் என்று மூன்று அடுக்கு. பிறகு கேட்டலாக்கைத் திறந்தார்கள். அதன்பின் மூடவே இல்லை. மூன்று வகுப்பிலும் ‘ஜன்னல்’ என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. ‘கண்’ என்ற சொல்லும் வரவில்லை.

அந்த மூன்று அடுக்குக் கணக்கைக் குறை சொல்லவில்லை. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க வெளிச்ச வடிவமைப்பாளர் ரிச்சர்ட் கெல்லி சொன்னதன் வழிவந்தது அது. எங்கும் பரவும் மெல்லிய வெளிச்சம், ஓரிடத்தில் குவியும் வெளிச்சம், கண்ணைக் குஷிப்படுத்தும் மினுக்கம் என்று அவர் பிரித்தார். எது எங்கே தேவை, யாருக்குத் தேவை என்று யோசிக்க வைக்கும் பிரிப்பு அது. நாங்கள் அதை மூன்று வகைச் சாமான் வாங்கும் பட்டியலாக்கிவிட்டோம்.

என் குற்றத்தை வரிசையாகச் சொல்கிறேன். பத்தடிக் கூரையை ஃபால்ஸ் சீலிங் போட்டு ஒன்பதடிக்கு இறக்கினேன். ஜன்னலுக்கு மேலே இருந்த வெண்டிலேட்டர் ஜிப்சம் பலகைக்குப் பின்னால் போனது. வெளிச்சம் எவ்வளவு உயரத்திலிருந்து நுழைகிறதோ அவ்வளவு ஆழமாக அறைக்குள் போகும். அந்த ஓர் அடியை அடைத்ததும் கூடத்தின் பின்பாதி பகலிலேயே இருண்டது. பகலில் விளக்குப் போட வேண்டியதானது. ஆக, இருட்டையும் நானே செய்தேன், அதற்கு மருந்தையும் நானே விற்றேன்.

கூடத்தில் ஃபேனைச் சுற்றி எட்டு விளக்கு. ஃபேன் ஓடினால் இறக்கைகள் வெளிச்சத்தை வெட்டி வெட்டித் தள்ளுகின்றன. சுவரெல்லாம் படபடவென்று துடிக்கிறது. “தலை சுத்துது, ஒண்ணு காத்து வேணும், இல்ல வெளிச்சம் வேணும், எது வேணும்னு நீயே சொல்லு” என்றாள் அம்மா.

அடுக்களையில் இன்னும் மோசம். கூரை நடுவில் வரிசையாக நான்கு. மேடையைப் பார்த்து நின்றால் அந்த நான்கும் முதுகுக்குப் பின்னால். தலையின் நிழல் நேராகக் காய் நறுக்கும் பலகைமேல் விழுகிறது. அம்மா விரலை நறுக்கிக்கொண்டது அந்த நிழலில்தான். மேலடுக்கின் அடியில் இரண்டடி நீளத்தில் ஒரு சின்ன டியூப் ஒட்டியிருந்தால் போதும், கைக்கு முன்னால் வெளிச்சம் வந்திருக்கும். எல்லாம் சேர்த்து ஐநூறு ரூபாய் வேலை. அதை நான் சொல்லவில்லை. ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு டவுன்லைட்டுக்கும் கடையில் எங்களுக்குக் கமிஷன் உண்டு. ஜன்னலுக்கு எவனும் கமிஷன் கொடுப்பதில்லை.

அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் போய்ச் சேருகிறது. கண்மணி சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. அப்படியானால் இன்னும் நாலு விளக்கு மாட்டு என்று எங்கள் தொழில் சொல்லும். அதுதான் தப்பு. புரை விழத் தொடங்கிய லென்ஸ் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. கூரையில் கண்ணுக்கு நேராக எரியும் ஒவ்வொரு சின்னப் புள்ளியும் வயதானவர்களின் பார்வைமேல் ஒரு வெள்ளைத் திரையைப் போடுகிறது. அவர்களுக்கு வேண்டியது கூசாத, பக்கவாட்டிலிருந்து வரும், வேலை செய்யும் இடத்தில் விழும் வெளிச்சம். திண்ணையில் அம்மாவுக்குக் கிடைத்தது அதுதான்.

இங்கே டியூப்லைட்டுக்காக ஒரு வார்த்தை பேசவேண்டும். மெதுவாகப் புரிந்துகொள்பவனை ‘டியூப்லைட்’ என்று திட்டும் சமூகம் நாம். எங்கள் தொழிலில் டியூப்லைட் என்றாலே பட்டிக்காடு. ஆனால் பௌதிகம் பட்டிக்காட்டுக்காரன் பக்கம்தான் நிற்கிறது. ஒளி வரும் பரப்பு பெரிதாக இருந்தால் நிழல் மென்மையாகும், சிறிதாக இருந்தால் நிழல் கத்திபோல் விழும். சுவரில் மாட்டிய நான்கடி டியூப், கூரையில் பதித்த நான்கு அங்குல வட்டத்தைவிட முகத்துக்கும் கைக்கும் இதமானது. டவுன்லைட்டின் கீழே நிற்பவர் முகத்தைப் பாருங்கள். கண்குழி கறுத்து, மூக்கு நிழல் உதட்டில் விழுந்து, வந்த மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் சீக்காளி மாதிரித் தெரிவார்கள்.

நிறம் தெரிவது இன்னொரு பாடம். இதை எந்தப் படிப்பும் இல்லாமல் நம் பெண்கள் அறிந்து வைத்திருக்கிறார்கள். ஜவுளிக்கடையில் சேலையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் விரித்துப் பார்க்கிறார்களே, அது என்ன? கடை விளக்கை நம்பவில்லை என்று பொருள். வெள்ளை எல்.இ.டி.யில் பெரும்பாலானவை, நீல ஒளியின்மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சைப் பூசி வெள்ளையாக்கியவை. மலிவானவற்றில் சிவப்பு குறைவு. அரக்கும் குங்குமமும் அதில் செத்துப்போகும். விளக்கு நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என்று ஓர் அளவு உண்டு. எத்தனை வாட் என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் அதை ஒருநாளும் கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை.

நாங்கள் படித்த பாடம் நம் சூரியனைப் பார்த்து எழுதப்பட்டதும் அல்ல. வடக்கு ஜன்னலில் நேர்வெயில் விழாது, வெளிச்சம் சீராக இருக்கும் என்பது ஐரோப்பியப் பாடம். அங்கே நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கேதான். வாசுதேவநல்லூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது டிகிரி சொச்சம்தான் வடக்கே. சித்திரை பிறக்கும் சமயத்தில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல். அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மேற்கே மலைத்தொடர் இருப்பதால் சூரியன் அடிவானத்தைத் தொடும் முன்பே ஊரில் வெயில் தாழ்ந்துவிடும், ஆனால் வானம் வெகுநேரம் வெளிச்சமாக இருக்கும். இந்த ஊரில் வீடு கட்டுகிறவன் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் வெளிச்ச விதி இது. எந்த கேட்டலாக்கிலும் இல்லை.

அதே மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில், இங்கிலாந்திலிருந்து வந்த லாரி பேக்கர் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி ஜாலிச் சுவர் கட்டினார். காற்று வரும், வெயில் துண்டு துண்டாக உடைந்து கூசாமல் உள்ளே வரும், செலவும் குறைவு. வெளிநாட்டில் பிறந்தவருக்கு நம் சூரியன் புரிந்தது. செங்கோட்டை தாண்டி அதைப் போய்ப் பார்க்க எங்கள் வகுப்பில் யாருக்கும் தோன்றவில்லை.

உடனே ஒரு கூட்டம் கைதட்ட வருவது தெரிகிறது. “அந்தக் காலத்து முற்றம் வைத்த வீடு, ஆகா” என்று தொடங்குவார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. முற்றம் யார் வீட்டில் இருந்தது? எங்கள் ஆச்சியின் அடுக்களையில் ஜன்னல் கிடையாது. புகையிலும் சிம்னி வெளிச்சத்திலும் பொங்கிப் பொங்கியே அவள் கண் போனது. குனிந்து நுழையும் குடிசைகளுக்குப் பகலும் இருட்டுதான். குடிசைக்கு ஒரு விளக்கு என்று அரசு இலவச இணைப்பு கொடுத்தபோது, அந்த ஒற்றை பல்பின் கீழே உட்கார்ந்து படித்து வேலைக்குப் போனவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் போய் நிழலின் அழகைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. செட்டிநாட்டுத் தூணை விலைக்கு வாங்கிவந்து அபார்ட்மெண்டில் நிறுத்தி அதற்கு ஸ்பாட்லைட் அடிப்பதும் எங்கள் ஓட்டை வியாபாரத்தின் இன்னொரு கிளைதான்.

அதனால்தான் கோபம் அதிகம் வருகிறது. வெளிச்சம் இல்லாமல் தலைமுறைகள் கஷ்டப்பட்ட இடத்துக்கு வெளிச்சம் மலிவாக வந்து சேர்ந்திருக்கிறது. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த மூவருக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. 2015இல் மத்திய அரசின் உஜாலா திட்டத்தில் எல்.இ.டி. பல்புகள் குறைந்த விலைக்கு வரத் தொடங்கின. இதை வைத்து நாம் என்ன செய்தோம்? மிச்சம் பிடிக்கவில்லை, எண்ணிக்கையைக் கூட்டினோம். கணக்குப் போடுங்கள். 36 விளக்கு, 12 வாட் வீதம் 432 வாட். தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 130 யூனிட். தமிழக அரசு 2016இல் அறிவித்த இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். அவ்வளவையும் கூரை ஓட்டைகள் மட்டுமே தின்றுவிட்டு மேலே 30 யூனிட் கேட்கின்றன.

வெளிச்சத்தைப் படிக்க வேண்டுமென்றால் எங்கள் ஊரிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போய்வாருங்கள். எந்தப் பழைய கோயிலிலும் இந்தப் பாடம் உண்டு. வெளியே லட்சம் லக்ஸ் வெயில். மண்டபத்தில் பாதி வெளிச்சம். கருவறைக்கு முன் இருட்டு. நடந்து போகப் போகக் கண்மணி விரிந்து பழகிக்கொள்கிறது. கடைசியில் ஒரு திரிச்சுடர் போதும். தீபாராதனையின்போது தட்டு பக்கவாட்டில் நகர, நிழலும் சேர்ந்து நகர்ந்து, சிலையின் ஒரு பாதி ஆணும் மறுபாதி பெண்ணும் மாறி மாறி எழுந்து வருவதைப் பார்க்கலாம். நேர் எதிரில் ஒரு ஃப்ளட்லைட்டை வைத்தால் சிலை தட்டையாகிவிடும். இப்போது பல கோயில்களில் அதைத்தான் உபயமாக எழுதிக் கொடுக்கிறார்கள்.

இப்போது நான் வேலை கேட்டு வரும் வீட்டில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். காலை, உச்சி, சாயங்காலம், இரவு. எந்தச் சுவரில் வெயில் எப்போது ஏறுகிறது என்று சாக்பீஸால் கோடு போடுகிறேன். வீட்டில் மூத்தவர் யாரோ அவர் கையில் ஊசியும் நூலும் கொடுத்து, எங்கே உட்கார்ந்து கோப்பீர்கள் என்று கேட்கிறேன். அதன் பிறகுதான் விளக்குப் பேச்சு. இரண்டு பேர் என்னைக் கிறுக்கன் என்று அனுப்பிவிட்டார்கள். “பக்கத்து வீட்டுக்காரன் நாப்பது போட்டிருக்கான், நீ எட்டுப் போதுங்க. எங்களப் பாத்தா எப்படித் தெரியுது?” என்று ஒருவர் சத்தம் போட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவருக்கு விளக்கு என்பது அந்தஸ்து என்று சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள்தானே.

எங்கள் வீட்டில் 36இல் ஒன்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றிவிட்டேன். வெண்டிலேட்டரை மறைத்த பலகையை அறுத்து எடுத்தேன். மேடைக்கு மேலே ஒரு டியூப், அம்மா உட்காரும் நாற்காலிக்குப் பக்கச் சுவரில் ஒரு விளக்கு. மீதி 27 ஓட்டைகள் கூரையில் அப்படியே இருக்கின்றன. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, இது என்ன டிசைன் என்று கேட்கிறார்கள்.

“அது எம்மவன் மதுரையில படிச்ச படிப்பு” என்கிறாள் அம்மா, தையலிலிருந்து தலையைத் தூக்காமலே.