ஒரே இன்சுலின், இரண்டு லேபிள்

திருவனந்தபுரம் கரமனையில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் பால் பாக்கெட்டுக்கும் தோசை மாவுக்கும் நடுவே இன்சுலின் குப்பி இருக்கும் வீடுகள் பல. சர்க்கரை நோய் அதிகமுள்ள மாநிலங்களில் ஒன்று கேரளம். அங்கிருந்து வெகுதூரமில்லாத பூஜப்புரையில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. தைக்காட்டில் ராஜீவ் காந்தி உயிர்த் தொழில்நுட்ப மையம். இத்தகைய ஆய்வகங்களில் மனித செல்களைத் தட்டில் வளர்ப்பது அன்றாட வேலை. சீரம் கலக்காத வளர்ப்புத் திரவத்தில் செல்கள் பிழைக்கப் பெரும்பாலும் இன்சுலின் வேண்டும். அதுவும் மனித இன்சுலின்தான். ஆனால் அந்தக் குப்பியில் ஓர் எச்சரிக்கை இருக்கும்: ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்கு அல்ல.

பொருள் ஒன்றாக இருக்க, தடை எதற்கு?

இரண்டுமே மனித உடலிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல. ஒரு காலத்தில் பன்றி, மாட்டுக் கணையங்களிலிருந்து இன்சுலின் பிரித்தெடுத்தார்கள். இரண்டு டன் பன்றிக் கணையத்திலிருந்து கால் கிலோகூடத் தேறாது. 1978ல் கலிஃபோர்னிய விஞ்ஞானிகள் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் வைத்து அதையே உற்பத்தி செய்யவைத்தனர். 1982ல் அமெரிக்காவில் அது மருந்தாக அங்கீகாரம் பெற்றது. 2004ல் பெங்களூரின் பயோகான், ஈஸ்ட்டில் தயாரித்த இன்சுலினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

சிக்கல், புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வருவதில் இருக்கிறது. ஈ.கோலியின் மேலுறையிலுள்ள எண்டோடாக்சின் என்ற நச்சு, பாக்டீரியா செத்த பிறகும் சாகாது. பாக்டீரியாவை வடிகட்டும் சல்லடையிலும் நிற்காது. ரத்தத்தில் கலந்தால் காய்ச்சல் வரும், அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து. ஆய்வகத்துக்கு 95 சதவீதத் தூய்மை பல சமயம் போதும். மீதி ஐந்தைத் தட்டிலுள்ள செல் பொறுத்துக்கொள்ளலாம். மனித உடல் பொறுக்காது.

உரிமம் பெற்ற மருந்திலேயே சறுக்கியதுண்டு. ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொயட்டின் மருந்து ஒன்றில் 1998ல் சேர்மானப் பொருளை மாற்றினார்கள். அடுத்த சில ஆண்டுகளில், ஐரோப்பாவிலும் கனடாவிலும் அதைப் போட்டுக்கொண்ட சிறுநீரக நோயாளிகள் சிலரின் உடல், ஊசியில் வந்த புரதத்தோடு தன் சொந்தப் புரதத்தையும் எதிரியாக நினைத்துத் தாக்கியது. சிவப்பணு உற்பத்தியே நின்றது. மருந்து என்பதால் மருத்துவர்களின் புகார்கள் ஓரிடத்தில் சேர்ந்தன, ஊசி போடும் முறை மாற்றப்பட்டது, பாதிப்பு குறைந்தது. ஆராய்ச்சிக் குப்பிக்கு அப்படிப் புகார் வாங்க ஆள் கிடையாது.

இது ஆய்வகத்தோடு முடிகிற விஷயமல்ல. எடை குறைக்கும் செமாக்ளூடைடை இதே 'ஆராய்ச்சிக்கு மட்டும்' போர்வையில் பொதுமக்களுக்கு விற்ற நிறுவனங்களுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. விற்பவருக்கு அந்த வாசகம் தப்பிக்கும் வழி. வாங்குபவருக்கு அதன் பொருள் ஒன்றுதான்: ஏதாவது நேர்ந்தால் யாரும் பொறுப்பில்லை.

கரமனை வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கும் குப்பியில் தயாரிப்பு அல்லது இறக்குமதி உரிம எண் அச்சாகியிருக்கும். ஆய்வகக் குப்பியில் அது இருக்காது. மலிவாகக் கிடைக்கிறதே என்று கை நீட்டுமுன் தேட வேண்டியது அந்தச் சின்ன எண்ணைத்தான்.