அசகான் நீருக்கு யார் காவல்?

1991-இல் டுரியான் துங்கல் அணை வறண்டதை அன்று மலாக்காவில் வாழ்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். லாரித் தண்ணீருக்காக வாளிகள் வரிசை கட்டி நின்ற காலம் அது. ஜூஸ் அணை அதன் பிறகு வந்ததுதான். அப்படியும் 2020 ஜனவரியில் அணைகளின் நீர்மட்டம் இறங்கி, பங்கீட்டு அறிவிப்புகள் மீண்டும் வந்தன.

மாநிலத்தின் அணைகளில் மிகச் சிறியது அசகான். 1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங்கின் மலாக்கா பக்க அடிவாரத்தில், ஜாசின் வட்டாரத் தோட்டங்களுக்கு மேலே இருக்கிறது. மேலே காடு நிற்கும்வரை மழைநீரை வேரும் சருகும் பிடித்துவைத்து, வெயில் நாள்களிலும் ஓடைக்குச் சிறுகச் சிறுக விடுகின்றன. சரிவு மொட்டையானால் மண் அரித்து வந்து தேக்கத்தின் அடியில் படியும். சின்னத் தேக்கத்துக்கு அந்த இழப்பு பெரிது.

சிக்கல் எல்லையில் இருக்கிறது. மலையின் உச்சி ஜொகூரில். நீர் குடிப்பது மலாக்கா. நிலமும் காடும் நீர் மூலமும் மாநில அதிகாரத்தில் உள்ளவை. ஒரு மாநிலம் சரிவில் எடுக்கும் முடிவின் விளைவை அடுத்த மாநிலத்தின் குழாய் சுமக்கிறது. இரு அரசுகளும் சேர்ந்து பேசாமல் இதற்கு வழியில்லை.

அரசுகளை மட்டும் கைகாட்டிவிட்டு நாம் ஒதுங்கவும் முடியாது. காட்டுப் பாதையில் நடப்பதும் அருவியில் குளிப்பதும் நல்ல பழக்கம்; பிள்ளைகளை அழைத்துப் போகவே வேண்டும். ஆனால் சோற்றுப் பொட்டலம், எண்ணெய் பாட்டில், பூசைக்குப் பின் விட்ட மாலை எல்லாம் ஓடைக் கரையிலேயே கிடப்பது அநியாயம். செம்பனைத் தோட்ட நிர்வாகங்களுக்கும் பங்குண்டு. தோட்டத்தில் மருந்து அடித்த நம் பெண்களைக் கேளுங்கள், மழை பெய்தால் அந்த மருந்து எங்கே இறங்கும் என்று சொல்வார்கள். ஓடையை ஒட்டிய நிலத்தில் தெளிக்காமல், இயற்கைச் செடிகொடியை வளரவிட வேண்டும்.

ஜொகூர் பக்கம் மலையேறுவோர் பதிவு செய்து, வழிகாட்டியுடன் போகிறார்கள். அசகான் பக்கமும் உள்ளே கொண்டுபோகும் பொருளை எழுதி, திரும்பும்போது சரிபார்க்கும் ஏற்பாடு வரட்டும். மலாக்கா நீர் நிறுவனம், இரு மாநில வனத்துறைகள், ஜாசின் நகராட்சி, தோட்ட நிர்வாகங்கள், ஆலய நிர்வாகக் குழுக்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டும். அடுத்த வறட்சி தொடங்குமுன் முதல் கூட்டம் நடக்கட்டும். அழைப்பை நீர் நிறுவனமே விடுக்கட்டும்.