உடுப்பு இனித் தடையில்லை

கீழ் வகுப்புகளில் பந்து விளையாடப் பிள்ளைகள் முண்டியடித்து வருகிறார்கள். பத்தாம் தரத்துக்கு வந்ததும் ஓர் அணிக்கு ஐந்து பேரைச் சேர்ப்பதே பெரும்பாடாகிவிடுகிறது. ஏன் என்று கேட்டால், "எங்கட உடுப்புக்கு அது சரிவராது" என்பார்கள்.

ஒரு காலத்தில் அது உண்மைதான். 2014 இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில், ஹிஜாபைக் கழற்றச் சொன்னதால் கட்டார் மகளிர் கூடைப்பந்து அணி ஆடாமலே வெளியேறியது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் பாடசாலைக் காலத்திலேயே 3,070 புள்ளிகள் குவித்தவர் பில்கீஸ் அப்துல் காதிர். பல்கலைக்கழகத்திலும் ஹிஜாபுடனேயே ஆடினார். தொழில்முறை ஆட்டத்துக்குப் போக நினைத்தபோது அதே சர்வதேச விதி அவருக்குக் குறுக்கே நின்றது. அவரைப் போன்றோர் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2017 மே மாதம் சர்வதேச கூடைப்பந்துச் சம்மேளனம் விதியை மாற்றியது. ஒக்டோபர் 1 முதல் அனுமதி நடைமுறைக்கு வந்தது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல பிரிவுகளாகப் போட்டியிடுகின்றன. அவற்றில் 'பிக் வெஸ்ட்' பிரிவின் மகளிர் சம்பியன் பட்டத்தை 2024 மார்ச்சில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் அணி வென்றது. அந்த அணியில் ஹிஜாபுடன் ஆடியவர் பிரான்ஸ் நாட்டு டியாபா கொனாட்டே. அவரது சொந்த நாட்டுச் சம்மேளனமோ ஹிஜாபுடன் ஆடத் தடை விதித்திருந்தது. எமது பாடசாலை மைதானத்தில் எம்மை அப்படி நிறுத்துவார் யாருமில்லை.

அப்படியானால் எம்மைத் தடுப்பது எது? மலைச்சரிவில் 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் கொண்ட சமதரை கிடைப்பது அரிது. மழை பெய்தால் சீமெந்துத் தரை வழுக்கும். இவை எம் கையில் இல்லை. ஆனால் வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பத் தயக்கம், சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் "விளையாட்டு போதும்" என்ற கட்டளை ஆகியவை வீட்டிலேயே தீரக்கூடியவை.

பெற்றோரின் பயத்தை நான் குறை சொல்லவில்லை. பின்னேரம் பனிமூட்டம் இறங்கிய தோட்டப் பாதையில் ஒரு பெண்பிள்ளை தனியே நடந்து வருவதை எந்த உம்மாதான் விரும்புவார்? அதற்கு வழி இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள், பாடசாலை விட்டதும் ஒரு மணித்தியாலம் பயிற்சி போதும். ஒரே பாதையில் போகும் பிள்ளைகளைப் பெற்றோர் முறைவைத்துக் கூட்டிச் செல்லலாம். வலயப் போட்டிக்கு இரண்டு உம்மாமார் கூடவே வரலாம்.

தம்பிக்குக் கிரிக்கெட் மட்டை வாங்கிக் கொடுக்கும் வாப்பாமாரே, பரீட்சை அவனுக்கும் வருகிறதுதானே? அவனுக்குக் கிடைக்கும் அந்த ஒரு மணித்தியாலத்தை மகளுக்கும் கொடுங்கள். தங்கைமாரே, பத்தாம் தரத்தில் பந்தைக் கீழே வைத்துவிடாதீர்கள்.