கயிற்றுக்கு வழி! கதைக்கு வரி!

நூல் என்பது எது? தொல்காப்பியரும் நன்னூலாரும் சொல்லாத இலக்கணம் ஒன்றை டில்லியார் வகுத்து வைத்திருக்கின்றனர். காகிதத்தில் அச்சேறினால் அது நூல். அதற்குச் சரக்கு சேவை வரி கிடையாது. அச்சேறிய அதே நூல் மின்னூலாக வந்தால் நூற்றுக்கு ஐந்து ரூபாய் வரி. அச்சேறாமல், திரையில் மட்டுமே படிப்பதற்கென்று பிறந்துவிட்டதோ, அது நூலே அன்று. எடு நூற்றுக்குப் பதினெட்டு!

ஜப்பானியரின் ‘விஷுவல் நாவல்’, அதாவது காட்சிப் புதினம், இந்த மூன்றாம் வகையில் மாட்டிக்கொண்டது. பெயரளவில் அது கணினி விளையாட்டு. ஆனால் அதிலே ஓட்டமும் துப்பாக்கிச் சூடும் அரிது. ஓவியம் பின்னே நிற்கும், இசை மெல்ல ஒலிக்கும், எழுத்து வரிவரியாய் விரியும். ஆங்காங்கே கதைமாந்தன் எவ்வழி செல்வதென்று படிப்பவனே தீர்மானிப்பான். அவ்வழியே கதை கிளை பிரியும். 2004-இல் வந்த ‘கிளானாட்’, 2009-இல் வந்த ‘ஸ்டெயின்ஸ் கேட்’ ஆகியவற்றைப் படித்து முடிக்கப் பல இரவுகள் வேண்டும். நாடகம் எழுதுகிறவன் நான். ஒரு முடிவை எழுதவே விடியும்வரை விழித்திருக்கிறேன். அவர்களோ ஒரு கதைக்குப் பல முடிவு எழுதுகிறார்கள்! பொறாமை எனக்கு உண்டு, மறைப்பானேன்?

ஈரோட்டு மஞ்சள் மண்டியிலே கணக்கெழுதும் ஓர் இளைஞன் இதன்மேல் ஆசை கொள்கிறான் என்று வையுங்கள். தானே ஜப்பானிய எழுத்துக் கற்று, பெட்டியாக வரவழைக்க விரும்புகிறான். விலை 5,000 ரூபாய். கப்பலோ விமானமோ ஏறிவர 1,500 ரூபாய். சுங்கம் எதன்மீது? 5,000-த்தின்மீது அன்று, கூலியையும் சேர்த்து 6,500-இன்மீது! சுங்கத்தை நூற்றுக்குப் பத்து என்று குறைத்தே கணக்கிடுவோம், 650. இப்போது 7,150 ஆயிற்று. சரக்கு சேவை வரி இந்த 7,150-இன்மீது விழும். வரிக்கும் வரி! பதினெட்டு விழுக்காடு என்றால் 1,287. ஆக 8,437 ரூபாய். வங்கி அட்டை வழியே யென்னாகப் பணம் செலுத்தினால், நாணய மாற்றுக்கென்று மூன்றரை விழுக்காடு வரை வங்கி பிடுங்கிக்கொள்ளும். அந்தக் கட்டணத்தின் தலையிலும் ஒரு வரி உட்கார்ந்திருக்கும்.

“பெட்டி எதற்கு? பதிவிறக்கிக் கொள்ளலாமே!” என்பார் உண்டு. பதிவிறக்கினால் பதினெட்டு, மேலே சொன்னேன். அதுவும் ஏற்றுமதிக்கென்று வந்தவை மட்டுமே எளிதில் கிடைக்கும். 2004-இல் ஜப்பானில் வெளியான ‘ஃபேட் ஸ்டே நைட்’ முறைப்படி ஆங்கிலத்தில் வந்தது 2024-இல். இருபது ஆண்டு! மண்டியில் கணக்கெழுதுகிறவன் அதுவரை காத்திருந்தால் தலை நரைத்துவிடும்.

சரி, ஜப்பானில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பிக்கு அன்பளிப்பாக அனுப்பட்டுமே? முன்பு 5,000 ரூபாய் வரையில் அன்பளிப்புக்குச் சுங்கமில்லை. 2019 டிசம்பர் 12-இல் வெளிநாட்டு வாணிபத் தலைமை இயக்குநரகம் அந்த வாயிலை அடைத்தது. அன்பளிப்பு என்று சொல்லி அஞ்சலிலும் கூரியரிலும் பொருள் வரக்கூடாது. முழு வரி கட்டினால் வரலாம் என்று விளக்கம் தந்தார்கள். அன்பளிப்புக்குத் தடை போட்ட அவ்வாணையிலே விலக்குப் பெற்றவை இரண்டு. ஒன்று உயிர்காக்கும் மருந்து. நியாயம், தலைவணங்குகிறோம். மற்றொன்று? ராக்கி!

ஆம் தோழர்களே, வடபுலத்துத் தமக்கை அனுப்பும் கயிற்றுக்குக் கடல்கடந்து வர வழியுண்டு. தமிழ்நாட்டு அண்ணன் பொங்கலுக்கு அனுப்பும் கதைக்கு வழியில்லை. கயிற்றின்மீது நமக்குப் பகையில்லை, வரட்டும். அந்தப் பட்டியலை எழுதிய பேனா விந்தியத்துக்குத் தெற்கே ஒருமுறையேனும் திரும்பிப் பார்த்ததா என்பதே நம் கேள்வி.

அச்சு நூலாவது தப்பியதா? அதுவும் இல்லை. 2019 ஜூலை 5-ஆம் நாள் வரவுசெலவுத் திட்டத்தில் வெளிநாட்டு அச்சு நூலுக்கு 5 விழுக்காடு சுங்கம் விதித்தனர். உள்நாட்டுப் பதிப்புத்தொழிலையும் அச்சுத்தொழிலையும் வளர்க்கவாம்! நெசவாளிக்காக அயல் துணிக்கு வரி போட்டால் நமக்குப் புரிகிறது. ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் அதே வகைத் துணி கிடைக்கும். ஜப்பானியப் புதினத்துக்கு மாற்றாகச் சிவகாசி எதை அச்சிட்டுத் தரும்? ஓர் ஆசிரியன் எழுதியதற்கு இன்னோர் ஆசிரியன் எழுதியது பதிலியா? யாரைக் காக்க இந்த வேலி?

“அரிசியா, மருந்தா? ஜப்பான் கதை படிக்காமல் எவன் செத்தான்?” என்று கேட்கும் பெரியவர்களுக்கு இவ்வூர்க் கதையையே சொல்கிறேன். 1925-இல் ஈரோட்டில் பிறந்த ‘குடி அரசு’, 1931-இல் மார்க்சும் எங்கெல்சும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழில் தொடராக வெளியிட்டது. அதுவும் அரிசியன்று. அயல்நாட்டுச் சரக்கு! காவிரிக்கரையில் எவனோ ஒருவன் கையில் அது கிடைத்ததால்தானே தமிழாயிற்று? இன்று ஜப்பானியம் கற்கும் இளைஞர்களில் ஒருவன் நாளை ஒரு காட்சிப் புதினத்தைத் தமிழாக்கலாம், தமிழிலேயே ஒன்று படைக்கலாம். அதற்கு முதலில் அவன் படித்தாக வேண்டுமே!

இன்னொரு வேடிக்கை. 2011 ஆகஸ்ட் 1 முதல் இந்திய–ஜப்பான் பொருளாதார உடன்படிக்கை நடப்பில் இருக்கிறது. திருப்பூரில் தைத்த சட்டை, உரிய சான்றோடு சென்றால், ஜப்பானில் சுங்கமின்றி இறங்குகிறது. சட்டையைத் தைத்தவனின் மகன் அங்கிருந்து ஒரு கதையை வரவழைத்தால், சுங்கச்சாவடிக் கூண்டிலே விசாரணை!

“நீ யார்?”

“கதை.”

“எந்தக் காகிதத்தில் இருக்கிறாய்?”

“காகிதத்தில் இல்லை ஐயா, திரையில் விரிவேன்.”

“அப்படியானால் நீ கேளிக்கை. கட்டு வரியை!”

சரக்கு சேவை வரி மன்றத்திலே ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு; மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு. கோட்டையில் நிதித்துறையை வகிப்பவர் எக்கட்சியினராயினும், அம்மன்றத்தில் எழுந்து, படிப்பதற்கென்றே எழுதப்பட்ட திரைநூலை மின்னூலோடு சேர்த்து 5 விழுக்காட்டில் வை என்று கேட்கட்டும். நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் நூற்சுங்கத்தை நீக்கச் சொல்லட்டும். அன்பளிப்புக்கு இருந்த 5,000 ரூபாய் வரம்பை மீட்கட்டும். அதற்கு மனமில்லையேல், கயிற்றுக்குக் கொடுத்த விலக்கிலே நூல் என்றும் ஒரு சொல் சேர்க்கச் சொல்லட்டும். தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். டில்லிக்கு அதிகச் சிரமம் இராது.