பதினைந்தாம் சுற்று யாருக்காக?

உலகப் பட்டத்துக்கான குத்துச்சண்டையை மீண்டும் 15 சுற்றுகளாக்க வேண்டும் என்று நம் வீட்டு இளைஞர்கள் சிலரும் வாதிடுகின்றனர். களைப்பின் எல்லையில்தான் வீரம் வெளிப்படுமாம். சான்று முஹம்மது அலீயாம். 1975இல் மணிலாவில் ஜோ ஃபிரேசியரை அவர் வென்ற ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அது 15ஆம் சுற்றை எட்டவேயில்லை. கண்கள் வீங்கிப் பார்வை மறைந்த ஃபிரேசியரைப் பயிற்சியாளர் எடி ஃபட்ச் 14ஆம் சுற்றோடு எழவிடாமல் தடுத்துவிட்டார். அன்று அறிவோடு நடந்தவர் அவரே.

1982 நவம்பரில், லாஸ் வேகாஸில் ரே மன்சினியை எதிர்த்த தென்கொரிய வீரர் கிம் டுக் கூவை எவரும் அவ்வாறு தடுக்கவில்லை. 14ஆம் சுற்றில் வீழ்ந்தார். சில நாள்களில் மூளைக் காயத்தால் இறந்தார். அதன் பின்னரே உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் 12 சுற்றுகளோடு நிறுத்தியது. மற்ற அமைப்புகள் இணங்கவோ மேலும் சில ஆண்டுகள் பிடித்தன!

களைத்தவனின் கை தாழும், தலை விலகாது, விழும் அடி முழுமையாக விழும். 12 சுற்றுகளிலும் மரணம் நிகழ்கிறதே என்பர். ஆம், நிகழ்கிறது. அது சுற்றுகளை இன்னும் குறைப்பதற்கான வாதமேயன்றிக் கூட்டுவதற்கானதன்று.

முகத்தில் அடிப்பதைத் தடுத்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினராகிய நாம், அம்முகங்களின் மீது இன்னும் ஒன்பது நிமிட அடியைக் கேட்பதா?