ஒரு நாள் தொண்டு போதுமா?



ஜூன் 5-ஆம் தேதி உலகச் சுற்றுச்சூழல் தினம். அன்று நம் பள்ளிகள் பலவற்றில் மரக்கன்று நடுவிழா நடைபெறுகிறது. குழி முன்னரே தோண்டப்பட்டிருக்கும். சிறப்பு விருந்தினர் கன்றை ஊன்றுவார். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வாளியுடன் வரிசையாக நிற்பார்கள். புகைப்படம் எடுத்தானதும் கூட்டம் கலையும். ஆகஸ்டு மாதம் அதே இடத்திற்குப் போய்க் கன்று பிழைத்ததா என்று பார்ப்பவர் எத்தனை பேர்?

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு மிகுதியாக மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. அது அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்று புவியியல் பாடத்தில் படிக்கிறோம். கன்றையோ, கத்திரி வெயில் முடிந்த கையோடு நட்டுவிடுகிறோம்! கன்னியாகுமரிக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர்களுக்கும் ஜூன் மாதம் பொருந்தலாம். இராமநாதபுரத்துக்குப் பொருந்துமா? நல்ல மனம் இருக்கிறது, நாள்தான் தவறு. விஞ்ஞானம் பயிலும் மாணவர் தம் ஊருக்குச் செய்யத்தக்க சிறந்த தொண்டு, ஒரு நாள் கூடிக் கலையும் வேலை அன்று என்பது என் கருத்து. திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து, அளந்து, குறித்து வைக்கும் வேலைதான் அது.

சென்னைக் கடற்கரையில் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் ஜனவரி முதல் மார்ச்சு வரை இரவு நேரங்களில் கரையேறுகின்றன. மணலில் ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி பறித்து, நூறு முட்டைகள் வரையில், சில வேளை அதற்கு மேலும் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகின்றன. அந்த முட்டைகளை நாய்கள் தோண்டித் தின்றுவிடும். 1970-களின் முற்பகுதியில் சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேகர் முதலியோர் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைத் தேடிக் காக்கத் தொடங்கினர். 1988-இல் மாணவர்கள் சிலர் கூடி இப்பணியை ஏற்றுக்கொண்டார்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு என்பது அவர்கள் அமைத்த குழு. அன்று நடந்த மாணவர்களுக்கு இன்று தலை நரைத்திருக்கும். புதிய மாணவர்கள் இன்றும் நடக்கிறார்கள்.

வேலை என்னவென்றால், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் தூரம் நள்ளிரவில் மணலில் நடப்பது. பல இரவுகளில் ஓர் ஆமைகூடத் தென்படாது. ஆமை ஊர்ந்த தடம் டிராக்டர் சக்கரத் தடத்தைப்போல இருக்கும். தடம் இருந்தால் அருகில் முட்டைக்குழி இருக்கலாம். முட்டைகளை இட்ட சில மணி நேரத்துக்குள், புரட்டாமல் அலுங்காமல் எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஏன் இந்த அவசரம்? கரு முட்டையோட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டபின் முட்டையைப் புரட்டினால் கரு இறந்துவிடும். பொரிப்பகத்திலும் தாய் ஆமை பறித்த அதே ஆழத்தில், அதே பானை வடிவத்தில் குழி தோண்டுகிறார்கள்.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் வெப்பநிலை! சுமார் 30 டிகிரி சென்டிகிரேடு அளவில் இருபாலும் கலந்து பிறக்கும். அதற்கு மேல் போனால் பெண் மிகுதி, குறைந்தால் ஆண் மிகுதி. 'பாவம், வெயில் சுடுகிறதே' என்று இரக்கப்பட்டு ஒருவர் ஓலைப் பந்தல் போட்டால் அந்த ஆண்டின் குஞ்சுகளில் ஆணும் பெண்ணும் பிறக்கும் விகிதமே மாறிவிடக்கூடும். இங்கு இரக்கத்தோடு ஒரு வெப்பமானியும் நோட்டுப் புத்தகமும் வேண்டும்.

2025 ஜனவரியில் சென்னையிலும் அதை அடுத்த கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. கடலாமை நுரையீரலால் சுவாசிப்பது. இழுவலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் மடிகிறது. ஆண்டுதோறும் சில ஆமைகள் இவ்வாறு ஒதுங்குவது வழக்கமே. அவ்வாண்டு வழக்கத்துக்கு மாறானது என்று உறுதியாகச் சொல்ல எதனால் முடிந்தது? முந்தைய ஆண்டுகளில் நடந்தவர்கள் எண்ணி வைத்த கணக்கு இருந்ததால்தான். கணக்கு இல்லாவிட்டால், 'எப்போதும் நடப்பதுதானே' என்று யாரும் சொல்லித் தட்டிக் கழித்துவிடலாம்.

பாராமல் செய்த நன்மை தீங்காவதும் உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கரையைக் காக்கவென்று பல இடங்களில் சவுக்கு நட்டார்கள். அலை எட்டும் எல்லைக்கு மிக அருகில் நட்ட இடங்களில், ஆமை முட்டையிடும் திறந்த மணல்வெளி சுருங்கிப்போயிற்று.

உங்கள் ஊரில் கடல் இல்லையா? கவலை வேண்டாம். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையின் நான்கு நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது கால் மணி நேரம் உங்கள் கண்மாய்க் கரையில் நின்று எண்ணினால் போதும். மழையை அளப்பது அதைவிட எளிது. பக்கங்கள் நேராக உள்ள ஒரு டப்பாவைத் திறந்தவெளியில் வைத்து, நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அளவுகோலால் நீரின் உயரத்தை அளந்து எழுதுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் நீர். 200 சதுர மீட்டர் கூரையுள்ள பள்ளியில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 2,000 லிட்டர்! அது எங்கே போகிறது என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பத்தாண்டு மழைக்கணக்கு வைத்திருக்கும் பள்ளி, கன்று நட எந்த வாரம் ஏற்றது என்று யாரையும் கேட்க வேண்டியிராது.

'இதனால் படிப்புக் கெடாதா?' என்று பெற்றோர் கேட்பார்கள். மழை அளக்க நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் ஆகும்; அதுவும் ஒரு படிப்புத்தான். எனக்கு உண்மையான வருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. விழா மேடைக்கு நாற்காலி சுமப்பதையும் ஊர்வலத்தில் பதாகை பிடிப்பதையும் தொண்டு என்று பதிவேட்டில் எழுதிக்கொள்ளும் பள்ளிகள் உள்ளன. அது கூலியில்லா வேலை. பெயரை மாற்றுவதால் தொண்டாகிவிடாது. சான்றிதழுக்காகச் செய்வதும் எனக்கு உவப்பில்லை; சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே நோட்டு மூடப்பட்டுவிடுகிறது.

சென்னை நண்பர்கள் ஆமை நடைக்குப் போவதானால் வீட்டுப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். தனியே போய்க் குழியைக் கிளற வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் இது. முட்டையைத் தொடவும் வனத்துறையின் அனுமதி வேண்டும். வெளிச்சத்தைக் கண்டால் கரையேறும் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும். ஆகவே டார்ச் விளக்கை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.